எண்ணிச் சொன்னால் அது ஜெபமா?

ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் 'டினையல்' கவிதையில் முப்பது அடிகள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் கடவுள் செவி சாய்க்கவில்லை என்று புலம்புகிற கவிதை. ஆறு பத்தி, பத்திக்கு ஐந்து அடி. முதல் நான்கு அடிகள் ஒன்றுவிட்டு ஒன்று இயைபு சேர்ந்து வரும். ஐந்தாவது அடி மட்டும் எதோடும் சேராது. வாய்விட்டு வாசிக்கிறவரின் காது ஒவ்வொரு பத்தி முடிவிலும் ஓர் ஒலியை எதிர்பார்த்து நிற்கும், அது வராது. ஐந்து பத்தி வரை இப்படியே போகிறது. ஆறாவது பத்தியில், தன் நெஞ்சைச் சுருதி கூட்டித் தரும்படி கவிஞர் கடவுளைக் கேட்கிறார். அந்தப் பத்தியின் ஐந்தாவது அடி இயைந்துவிடுகிறது.

கடவுள் பதில் சொன்னதாகக் கவிதையில் ஒரு சொல்கூட இல்லை. பதில் வந்திருப்பது ஓசையில். இயைபைக் காதில் வாங்காதவருக்கு இது கேட்டும் கிடைக்காத ஒருவரின் முறையீடாகவே முடிந்துபோகும். காதில் வாங்கியவருக்கு, கேட்டுக்கொண்டிருக்கும்போதே கிடைத்துவிட்டது தெரியும். இதை யாப்பிலக்கணம் என்பதா, இறையியல் என்பதா? என்னால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. பிரிக்க வேண்டியதும் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். என் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளில் பலர் தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். அம்மா பீடி சுற்றுவார், அப்பா வாழைத்தோட்ட வேலைக்குப் போவார். பதினேழாம் நூற்றாண்டில் ஏதோ ஓர் ஆங்கிலக் கிராமத்தில் இருந்த பாதிரியாரின் கவிதை இவர்களுக்கு எதற்கு என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. இந்தப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் தினமும் கடவுளிடம் எதையாவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். கேட்டது கிடைக்காமல் கோபித்துக்கொண்டும் இருக்கிறார். ஹெர்பர்ட்டின் சங்கடம் அவர்களுக்குப் புதிதல்ல. புதிது, அதை அவர் சொல்லியிருக்கும் விதம்தான்.

'டினையல்' நடத்தி முடித்ததும் மாணவி ஒருத்தி எழுந்தாள். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற குடும்பம். "எங்க சபையில எழுதி வச்சு யாரும் ஜெபிக்க மாட்டாங்க மேம். ஆவியில நெறஞ்சு தானா வர்றதுதான் ஜெபம். இவரு கடைசி வரியில எது சேரணும், எது சேரக் கூடாதுன்னு உக்காந்து கணக்குப் போட்டிருக்காரு. மனசு உடைஞ்சவன் கணக்குப் போடுவானா? எண்ணிச் சொன்னா அது ஜெபமா?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. அவள் சீண்டுவதற்காகக் கேட்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

அந்தக் கேள்விக்காக ஒரு நாடே இரண்டுபட்டிருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். 1549இல் இங்கிலாந்துத் திருச்சபை ஒரு பொது ஜெபப் புத்தகத்தை அச்சிட்டது. காலையில் இன்ன வாக்கியம், மாலையில் இன்ன வாக்கியம், அடக்கத்துக்கு இன்ன வாக்கியம் என்று எழுதிவைத்த ஜெபங்கள். ஹெர்பர்ட் 1630இல் குருப்பட்டம் பெற்று, சாலிஸ்பரிக்குப் பக்கத்தில் பெமர்ட்டன் என்ற சிற்றூரில் ஊழியம் செய்தபோது அந்தப் புத்தகத்தைத்தான் தினமும் இரண்டு வேளை வாசித்தார். அவருடைய கோயில் மணி கேட்டதும் உழுதுகொண்டிருந்தவர்கள் ஏரை நிறுத்திவிடுவார்கள் என்று அவர் வாழ்க்கையை எழுதிய ஐசக் வால்ட்டன் சொல்கிறார். தூய்மைவாதிகளுக்கு இந்தப் புத்தகம் பிடிக்கவில்லை. எழுதிவைத்து ஓதுவது உதட்டு வேலை என்றார்கள். ஹெர்பர்ட் இறந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1645இல், பாராளுமன்றம் அதை விலக்கிவிட்டு வேறு வழிபாட்டு முறையைக் கொண்டுவந்தது. 1662இல் புத்தகம் மறுபடி வந்தது. அரசு ஏற்காத கூட்டங்களில் பிரசங்கம் செய்ததற்காகப் பெட்ஃபோர்டில் பன்னிரண்டு ஆண்டு சிறையிருந்த ஜான் பன்யன், புத்தகத்தைப் பார்த்து ஜெபிப்பதை மறுத்துச் சிறையிலிருந்தே ஒரு நூல் எழுதினார். என் மாணவியின் கட்சி அவர் கட்சி.

அதே பன்யனின் 'மோட்சப் பிரயாணம்' நம் பாளையங்கோட்டைக்கு வந்து என்ன ஆனது என்பதையும் சொன்னேன். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை அதைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார், 1894இல் வெளிவந்தது. வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறியவர் அவர். எழுதிவைத்த ஜெபத்தையே மறுத்தவரின் கதை இங்கே சீர் எண்ணிய விருத்தமாயிற்று. அந்த விருத்தங்களைப் பாடியே ஜெபித்த கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு.

ஆனால் வரலாறு மட்டும் அவளுக்குப் பதிலாகாது. அவள் பைபிளை நன்றாக அறிந்தவள். புலம்பல் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். எருசலேம் இடிந்து கிடக்கிறது. தாய்மார் மடியில் குழந்தைகள் பசியில் சாகிறார்கள். அதைவிட உடைந்த மனம் வேதத்தில் எங்கே இருக்கிறது? முதல் அதிகாரத்தில் எத்தனை வசனம் என்று எண்ணச் சொன்னேன். இருபத்திரண்டு. இரண்டாவதிலும் இருபத்திரண்டு. மூன்றாவதில் அறுபத்தாறு. நான்காவதில் மறுபடி இருபத்திரண்டு. எபிரெய நெடுங்கணக்கில் எழுத்துகள் இருபத்திரண்டு. ஒவ்வொரு வசனமும் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்கும்படி கட்டப்பட்டிருக்கிறது. மூன்றாம் அதிகாரத்தில் ஓர் எழுத்துக்கு மூன்று வசனம். 119ஆம் சங்கீதம் இன்னும் கறாரானது: எழுத்துக்கு எட்டு வசனமாக மொத்தம் 176. தமிழில் படிக்கும்போது இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரிவதில்லை. எழுதியவருக்கு ஒவ்வொரு வரியிலும் தெரிந்திருக்கும். நகரம் எரிந்து முடிந்த இடத்தில் உட்கார்ந்து ஒருவர் அகர வரிசையில் அழுதிருக்கிறார்.

அவள் சிறிது நேரம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ ஆவியானவர் கணக்குக்குள்ளயும் வருவார்னு சொல்றீங்களா மேம்?" என்றாள். வரலாம், கணக்குப் போட்டதனாலேயே வந்துவிடுவார் என்று சொல்ல மாட்டேன் என்றேன். அவள் முழுவதும் ஏற்றுக்கொண்டாள் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் கேள்வியில் இருக்கிற உண்மையை நானும் விட்டுவிட விரும்பவில்லை. கணக்கு மட்டும் இருந்து மனம் இல்லாத பாட்டுகள் ஆயிரம் உண்டு.

நான் சைவ வீட்டில் பிறந்தவள். தாத்தா விடியற்காலையில் தேவாரம் ஓதுவார். ஓர் அடியைத் தவறாகச் சீர் பிரித்து நாங்கள் சொன்னால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்வார். பண்ணும் சீரும் எங்களுக்கு வழிபாட்டின் வெளிவேலையாகத் தெரிந்ததே இல்லை. ஞானசம்பந்தர் சீகாழிமேல் பாடிய திருவெழுகூற்றிருக்கையில் ஒன்று, இரண்டு, ஒன்று. ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்கள் ஏறி ஏறி இறங்கி, ஏழு வரை போகும். தேர் வடிவில் அடுக்கி எழுதலாம். திருமங்கையாழ்வார் குடந்தைமேல் ஒன்று பாடினார். அருணகிரிநாதர் சுவாமிமலைமேல் ஒன்று பாடினார். சைவரும் வைணவரும் முருகனடியாரும் ஒரே எண்கணக்கில் ஏறிப்போய்த் தங்கள் தங்கள் கடவுளைத் தொட்டிருக்கிறார்கள். இவர்களின் பக்தி போலி என்று எந்தத் தமிழரும் சொன்னதில்லை. இறையனாரே பாட்டோடு வந்தபோதும் நக்கீரர் அதைச் சோதித்துப் பார்த்தார் என்று கதை வைத்திருக்கிற ஊர் இது. பாட்டை ஆராய்வது பக்திக்குப் பகை என்ற எண்ணம் நமக்கு வெளியிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

அதனால் ஹெர்பர்ட்டின் 'ஈஸ்டர் விங்ஸ்' கவிதையை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வியப்பைவிடப் பழக்கமே தோன்றியது. பத்துப் பத்து அடியாக இரண்டு பத்தி. முதல் அடியில் பத்து அசை. அடுத்தடுத்த அடிகள் குறைந்துகொண்டே வந்து நடுவில் இரண்டே அசைக்கு ஒடுங்கும். பிறகு மறுபடி விரிந்து பத்துக்கு வரும். 1633இல் வந்த முதல் பதிப்பில் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும்படி அச்சிட்டிருந்தார்கள். இரண்டு ஜோடிச் சிறகு தெரியும். மனிதன் செல்வமெல்லாம் இழந்து வறுமையின் அடிமட்டத்துக்கு வருகிற இடத்தில் அடியும் வறுமைப்பட்டு நிற்கும். நோயில் மெலிந்துபோனதைச் சொல்லுமிடத்தில் அடியும் மெலியும். அதற்குப் பிறகுதான் ஏற்றம். 1711இல் ஜோசப் அடிசன் தன் 'ஸ்பெக்டேட்டர்' இதழில், உருவம் காட்டும் இத்தகைய கவிதைகளைப் பொய்ச் சாமர்த்தியம் என்று தள்ளினார். ஹெர்பர்ட்டின் பெயரையும் சொன்னார். அடிசன் பெரிய உரைநடைக்காரர். இந்த இடத்தில் அவர் கண்ணால் மட்டும் பார்த்தார் என்பது என் தீர்ப்பு. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், அந்த இரண்டு அசை அடிக்கு வரும்போது மூச்சே சுருங்கும். உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்வதும் மூச்சை இழந்து திரும்பப் பெறுவதும் அங்கே ஒரே செயல்.

அசை பிரிப்பதை எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே செய்திருக்கிறார்கள். குறளை அலகிட்டு வாய்பாடு எழுதாமல் இங்கே யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டுவதில்லை. நேர், நிரை, தேமா, புளிமா, ஈற்றுச்சீர் காசா பிறப்பா என்று சரசரவென்று போட்டுவிடுவார்கள். ஆங்கில அடியைக் கொடுத்தால் திகைக்கிறார்கள். காரணம் எளிது. தமிழில் குறில் நெடில் எழுத்திலேயே தெரிகிறது. கண்ணால் பார்த்தே அலகிடலாம். ஆங்கிலத்தில் அழுத்தம் எழுத்தில் இல்லை. 'ரெக்கார்ட்' என்ற சொல் பெயராக வந்தால் முன்னசையில் அழுத்தம், வினையாக வந்தால் பின்னசையில். எழுத்து ஒன்றுதான். சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். எனவே பென்சிலை எடுக்கும் முன் வாயைத் திறக்க வேண்டும், வாயைத் திறக்கும் முன் அந்த வாக்கியம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அழுத்தமில்லாத அசைமேல் ஒரு பிறைக்குறி, அழுத்தமான அசைமேல் ஒரு சாய்கோடு. போடுவது அவ்வளவுதான். அதற்கு முன் நடக்க வேண்டிய காரியம் பெரிது.

ஹெர்பர்ட்டின் 'லவ்' கவிதையை நடத்தும்போது இதைக் கண்ணாரப் பார்க்கலாம். அந்தத் தலைப்பில் அவர் எழுதியவற்றில் மூன்றாவது அது. 'த டெம்பிள்' தொகுப்பின் நடுப்பகுதியான 'த சர்ச்' இந்தக் கவிதையோடுதான் முடிகிறது. அன்பு என்பது விருந்து வைக்கிற வீட்டுக்காரர். வந்தவர் தன் அழுக்கை நினைத்து வாசலிலேயே தயங்குகிறார். அன்பு விடுவதாக இல்லை. பதினெட்டு அடி, நீள அடியும் குட்டை அடியும் மாறி மாறி வரும். முதல் அடியில் முதல் சொல் அன்பு, இரண்டாவது சொல் அது அழைத்த செயல். அழுத்தமில்லாத அசையும் அழுத்தமான அசையும் மாறி மாறி வருகிற ஐயாம்பிக் நடைப்படி பார்த்தால் அழுத்தம் இரண்டாவது சொல்லில் விழ வேண்டும். பாதி வகுப்பு அப்படியே குறியிடும். மீதிப்பேர் முதல் சொல்லில்தான் என்பார்கள். அழைத்தது யார் என்பது முக்கியமா, அழைத்தார் என்பது முக்கியமா? இதற்கு விடை எந்தக் கைடிலும் இல்லை. ஒவ்வொருவரும் அந்த வாசலில் போய் நின்று பார்த்துத்தான் சொல்ல முடியும். அதே அடியின் கடைசி இரண்டு சொற்களும் அடுத்தடுத்துக் கனமாக விழுகின்றன. நடை அங்கே கால் தடுக்கி நிற்கிறது. விருந்தாளி பின்வாங்குகிற இடமும் அதுதான். கவிதையின் கடைசி அடியில் ஆறு சொல், ஆறும் ஓரசைச் சொல். தயக்கம், வாதம், மறுப்பு எல்லாம் தீர்ந்து, அவர் உட்கார்ந்து உண்கிறார். அலங்காரம் எதுவும் அந்த அடியில் மிச்சமில்லை.

அணிகளுக்கும் இதையே சொல்வேன். 'ப்ரேயர்' என்ற அவருடைய பதினான்கு அடிக் கவிதையில் முதன்மை வினைச்சொல்லே கிடையாது. ஜெபம் என்பது இது, இது, இது என்று உருவகமாகவே அடுக்கிக்கொண்டு போகிறார். விருந்து என்கிறார். வானத்திலிருந்து விழ வேண்டிய இடி தரையிலிருந்து மேலே போவதாகச் சொல்கிறார். அப்பரின் நின்ற திருத்தாண்டகத்தை ஓதி வளர்ந்தவளுக்கு இந்த அடுக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். சொல்ல வந்தது எந்த உருவகத்திலும் அடங்கவில்லை. அடங்காது என்று தெரிந்தும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வினைமுற்று வந்தால் வாக்கியம் முடிந்துவிடும். முடிக்க அவருக்கு மனமில்லை. கடைசியில் எல்லா உருவகத்தையும் கீழே வைத்துவிட்டு, மிகச் சாதாரணமான ஒரு தொடரில் நிறுத்திவிடுகிறார். இத்தனை உருவகத்தையும் கடந்து வந்ததால்தான் அந்தச் சாதாரணச் சொல்லுக்கு அவ்வளவு கனம். உருவகத்தை அழகுக்குச் சேர்த்த நகை என்று சொல்லிக்கொடுத்தால் இந்தக் கவிதையில் பிள்ளைகளுக்கு ஒன்றுமே கிடைக்காது.

ஹெர்பர்ட்டுக்கும் என் மாணவியின் சந்தேகம் இருந்தது. 'ஜோர்டன்' என்ற தலைப்பில் இரண்டு கவிதைகளில், பகட்டான கவித்துவத்தை வைத்துக்கொண்டு கடவுளிடம் போவது சரிதானா என்று தன்னையே கேட்கிறார். 'எ ட்ரூ ஹிம்' கவிதையில், மனம் உருகியிருந்து பாட்டில் ஏதாவது குறைந்துபோனால் அந்தக் குறையைக் கடவுளே நிரப்புவார் என்று ஆறுதல் கொள்கிறார். மாணிக்கவாசகர் சொல்லச் சொல்ல அம்பலவாணரே ஏட்டில் எழுதிக்கொண்டதாக நாம் சொல்வதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. இந்தச் சந்தேகத்தையெல்லாம் அவர் இயைபு தவறாத செய்யுளில்தான் எழுதினார் என்பதையும் மறக்கக் கூடாது. செய்யுளை விட்டு ஓடியிருந்தால் கேள்வி அங்கேயே செத்திருக்கும்.

ஓடிப்பார்த்தவர் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ். 1868இல் சேசு சபையில் சேர முடிவு செய்தபோது தன் கவிதைகளை எரித்தார்; துறவுக்கும் கவிதைக்கும் ஒத்துவராது என்று நினைத்தார். ஏழு ஆண்டு மௌனம். 1875 டிசம்பரில் 'டாய்ச்லாண்ட்' என்ற கப்பல் தேம்ஸ் முகத்துவாரத்தில் மூழ்கி, ஜெர்மனியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து கன்னியர் மாண்டபோதுதான் மறுபடி எழுதினார். திரும்பி வந்தவர் எளிய நடையில் வரவில்லை. அழுத்தங்களை மட்டும் எண்ணுகிற ஒரு புதிய யாப்போடு வந்தார். எந்த அசையில் ஊன்ற வேண்டும் என்று தன் கையெழுத்துப் படியிலேயே குறிகள் போட்டுவைத்தார். சேசு சபை இதழே அந்தக் கவிதையை வெளியிட மறுத்துவிட்டது. அவர் 1889இல் இறந்தார். கவிதைகள் புத்தகமாக வந்தது 1918இல். துக்கம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு கறாரான யாப்பு அவருக்குத் தேவைப்பட்டது.

இனி சிமோன் வெய்ல். எண்ணிச் சொன்னால் ஜெபமா என்ற கேள்விக்கு நான் அறிந்தவரையில் மிக நேர்மையான பதில் அவர் வாழ்க்கையில்தான் இருக்கிறது.

பாரிஸில் 1909இல் பிறந்த யூதப் பெண். கடவுளைப் பற்றிப் பேசாத வீடு. தத்துவம் படித்து, பெண்கள் பள்ளிகளில் ஆசிரியையாக இருந்து, தொழிலாளியின் வாழ்க்கை என்னவென்று அறிய ரெனோ கார் தொழிற்சாலையில் இயந்திரத்தில் நின்று வேலை செய்தவர். மண்டையைப் பிளக்கிற தலைவலி அவரை விடாமல் பிடித்திருந்தது. 1938இல் ஈஸ்டரை ஒட்டிய பத்து நாட்கள் சொலெம் மடாலயத்தில், துறவிகளின் கிரெகோரியப் பாட்டைக் கேட்டபடி கழித்தார். அங்கே சந்தித்த இங்கிலாந்து இளைஞர் ஒருவர் வழியாகப் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்கள் இருப்பதைத் தெரிந்துகொண்டார். அவர்களைத் தேடிப் படித்தபோது கண்ணில் பட்டது ஹெர்பர்ட்டின் 'லவ்'. மனப்பாடம் செய்தார். தலைவலி உச்சத்துக்குப் போகும் வேளையில், முழுக் கவனத்தையும் அதில் வைத்து, அதன் மென்மையைப் பற்றிக்கொண்டு சொல்லிக்கொள்வார். அழகான கவிதை ஒன்றைச் சொல்வதாகத்தான் தனக்கு நினைப்பு, தான் அறியாமலே அது ஜெபமாக இருந்திருக்கிறது என்று 1942இல் பெர்ரன் என்ற டொமினிக்கன் குருவுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பொழுதில் கிறிஸ்து வந்து தன்னை ஆட்கொண்டதாகவும் அதே கடிதத்தில் இருக்கிறது. அந்த நாள்வரை அவர் ஜெபித்ததே இல்லை. ஜெபம் செய்தால் அந்தச் சொற்களின் தூண்டுதலுக்கு மனம் மயங்கிவிடுமோ என்று அஞ்சி, வேண்டுமென்றே விலகி நின்றவர்.

இதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நான் பார்ப்பது வேறு. என் மாணவி ஜெபத்தை உள்ளிருந்து எழும் உணர்ச்சியால் அளந்தாள். வெய்லுக்கு வேண்டுதல் உணர்ச்சியே இல்லை, பக்தியும் இல்லை, ஜெபிக்கிறோம் என்ற நினைப்பும் இல்லை. இருந்தது பதினெட்டு அடிகளும் அவற்றின்மேல் சிதறாத கவனமும். அடுத்த சொல் என்ன, அது எங்கே ஊன்றுகிறது என்ற கவனம். தன்னைப் பற்றி நினைக்க அதில் இடமில்லை. தன் வலியைக்கூட நினைக்க இடமில்லை.

அதே 1942இல் அவர் பள்ளிப் படிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அந்தக் குருவிடம் கொடுத்தார், கத்தோலிக்க மாணவர்களுக்காக. ஜெபம் என்பது கடவுளை நோக்கிய முழுக் கவனம். வகுப்புப் பாடங்கள் கவனத்தின் கீழ்ப்படிகள் என்பது அதன் வாதம். ஒரு கணக்கோடு ஒரு மணி நேரம் போராடி விடை வராமல் போனாலும் அந்த நேரம் வீணில்லை. என்றாவது ஒருநாள் பிரெஞ்சுக் கவிஞர் ரசீனின் கவிதை அடி ஒன்றின் அழகு அதனால் இன்னும் தெளிவாகப் புலப்படலாம் என்கிறார். கவனம் என்றால் புருவத்தை நெரித்து மூச்சைப் பிடித்துக்கொள்வது அல்ல என்றும் சொல்கிறார். மனத்தைக் காலியாக வைத்துக் காத்திருப்பதுதான் கவனமாம். தவறாகச் செய்த பயிற்சியைக் கூச்சப்பட்டு ஒளித்துவைக்காமல் நிதானமாகத் திரும்பப் பார்க்க வேண்டும் என்கிறார். ஆசிரியையாக இருந்தவர் என்பது வரிக்கு வரி தெரிகிறது. 1941இல் திராட்சை அறுவடைக்குப் போனபோது கர்த்தருடைய ஜெபத்தைக் கிரேக்கத்தில் தினமும் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டார். நடுவில் கவனம் இம்மியளவு சிதறினாலும் முதலிலிருந்து தொடங்குவார். என் தாத்தா எங்களிடம் எதைக் கேட்டாரோ அதைத்தான் இவர் தன்னிடம் கேட்டிருக்கிறார்.

ஆகவே என் முடிவு இது. எண்ணுவது ஜெபத்தைக் கெடுக்காது. எண்ணியதைக் கவனிக்காமல் இருப்பதுதான் கெடுக்கும். யாப்பு, சொல்கிறவரைத் தன் உணர்ச்சியிலேயே உழன்றுகொண்டிருக்க விடாமல் அடுத்த அசைக்கு இழுத்துப் போகிறது. பக்தரானாலும் நாத்திகரானாலும் ஆங்கில வகுப்பில் உட்கார்ந்து ஓர் அடியின் அழுத்தத்தைத் தேடுகிற பிள்ளை வெய்ல் சொன்ன அந்தக் கீழ்ப்படியில் கால் வைக்கிறது. மேலே போவது அதன் பாடு, கடவுளின் பாடு. அந்தப் படியை இடித்துவிடாமல் இருப்பது ஆசிரியரின் பாடு.

இடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். 'பின்வரும் அடியில் உள்ள அணியைக் குறிப்பிடுக, இரண்டு மதிப்பெண்' என்ற கேள்விக்குக் கவிதையைப் படிக்கவே வேண்டாம். கைடில் இருபது பெயரை உருப்போட்டால் போதும். ஐயாம்பிக் பென்டாமீட்டர் என்று விடைத்தாளில் எழுதுகிற பிள்ளை ஓர் அடியையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறதா என்று நாம் கேட்பதில்லை. பெயர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயர் தெரிந்தால் ஒன்றைச் சுட்டிக்காட்டிப் பேசலாம், இரண்டு பேர் ஒரே இடத்தைப் பார்க்கலாம். பெயரோடு நின்றுவிடுவதுதான் குற்றம்.

வினாத்தாள் எழுதுகிற சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அணியின் பெயருக்கு அடுத்தபடியாக, இது ஏன் இந்த இடத்தில் வந்தது என்று ஒரு கேள்வி வையுங்கள். அழுத்தம் எங்கே என்று கேளுங்கள். இரண்டு விடை சாத்தியமானால் இரண்டையும் ஏற்றுக்கொண்டு, காரணத்துக்கு மதிப்பெண் போடுங்கள். 'லவ்' பாடத்தில் இருந்தால் பதினெட்டு அடியையும் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். அதற்கு மட்டும் மதிப்பெண் வேண்டாம்.